நூத்தி நாப்பத்திரெண்டு அடி

நூத்தி நாப்பத்திரெண்டு அடி, மேடம். அடி அளக்குற உங்க சக்கரத்துல எவ்வளவு காட்டுதோ எனக்குத் தெரியாது, என் முட்டிக்குத் தெரியும். இந்த மேசையில புறப்பட்டு, அந்த மஞ்சக் கோட்டோடவே போயி, லேபிள் மேசை வரைக்கும் நூத்தி நாப்பத்திரெண்டு. திரும்பி வர இன்னொரு நூத்தி நாப்பத்திரெண்டு. வெறுங்கையோட இல்ல, டிராலியைத் தள்ளிக்கிட்டு. அந்த டிராலிக்கு முன் சக்கரம் ஒண்ணு இடது பக்கமாவே இழுக்கும். நேராப் போன்னு சொன்னா போகாத ஆளுங்க சிலர் இருப்பாங்கல்ல, அந்த ஜாதகம் அதுக்கு.

உக்காருங்க. அந்தப் பெட்டி மேலயே உக்காரலாம், உள்ள பஞ்சுதான். ஐயோ, அது இல்ல, அது ஊசி. இந்தப் பக்கம். ஆங்.

மேடம்னு கூப்பிடுறேன், தப்பா நினைக்காதீங்க. என் பொண்ணை விட ரெண்டு வயசு கூட இருப்பீங்க, அவ்வளவுதான். ஆனா கழுத்துல ஹெட் ஆபீஸ் அட்டை தொங்குது, வாய் தன்னால மேடம்னுதான் வருது. என் பொண்ணுதான் என் போன்ல அடி எண்ணுற சமாச்சாரத்தைப் போட்டுக் குடுத்தா. முதல் நாள் சாயங்காலம் பாத்துட்டு, "அம்மா, பதினஞ்சாயிரம் அடி நடந்திருக்கே, எந்த ஊருக்குப் போனே?"ன்னு கேக்குறா. எந்த ஊருக்குடி போவேன்... பேக்கிங் மேசையில இருந்து லேபிள் மேசைக்குப் போனேன்.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எங்களுக்குத் தெரியும். வாட்ச்மேன் காலையிலயே சொல்லிட்டாரு. இந்த குடோன் தேறுமா தேறாதான்னு பாக்க வந்திருக்கீங்க. தேறாதுன்னு எழுதிட்டா ஹைவே பக்கம் இருக்குதே பெரிய குடோன், எல்லாத்தையும் அங்க கொண்டு போயிருவாங்க. அங்க போக எனக்கு ரெண்டு பஸ். ரெண்டாவது பஸ் எட்டரைக்குத்தான் கிளம்பும், வேலை எட்டு மணிக்கு. அப்ப போறதாவது வர்றதாவது. என்னோட சேத்து இங்க முப்பத்திமூணு பேரு, முக்காவாசிப் பேரு என்னை மாதிரிதான். ஏழாவதுக்கு மேல பள்ளிக்கூடம் பாக்காதவ, ஐம்பதை நெருங்கிட்டேன், முட்டி வேற போச்சு. வேற எவன் கூப்பிட்டு மேசை போட்டுக் குடுப்பான்? அதனால நான் ஒண்ணும் மறைக்கல, எல்லாத்தையும் சொல்லிடுறேன். எழுதிக்கோங்க. இல்ல, இல்ல... எழுதாதீங்க. முதல்ல கேளுங்க.

லாரி மூணு மணிக்குப் போகணும். ஆஸ்பத்திரிச் சாமான் இது, துணிக்கடை மூட்டையா, நாளைக்குப் போனாப் போச்சுன்னு விட? கையுறை, பஞ்சு, கட்டுத்துணி, ஊசி, சலைன்... பதினோரு கிளினிக்குக்குப் போகுது. கடைசி கிளினிக்கு மலைப்பாதையில இருக்கு. ஆறு மணிக்குப் பூட்டிருவாங்க. லாரி மூணுக்குக் கிளம்பினா அஞ்சே முக்காலுக்குப் போய்ச் சேரும். இப்ப பாதி நாள் கிளம்புறது நாலே முக்காலுக்கு. டிரைவர் மலையெல்லாம் ஏறிப் போயி, பூட்டைப் பாத்துட்டு, அப்படியே இறங்கி வர்றாரு. போன வாரத்துல மூணு நாள் அப்படி. அந்தக் கிளினிக் நர்ஸம்மா போன் பண்ணி, "ஏம்மா, உங்க லாரி எங்க பூட்டை மட்டும் பாத்துட்டுப் போகுதாமே, உள்ளயும் ஒரு நாள் வரச் சொல்லுங்க"ன்னாங்க. கோவமா சொல்லியிருந்தா தாங்கிக்கிட்டிருப்பேன். சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. அன்னைக்கு அங்க கட்டுத்துணி தீந்து போயி ஒரு ஆளுக்கு சுத்தமான தலையணை உறையைக் கிழிச்சுக் கட்டினாங்களாம்.

ஆமா, முன்னால எல்லாம் மூணு மணிக்குப் போயிக்கிட்டுதான் இருந்துச்சு. எட்டு மாசம் முன்னால வரைக்கும்.

எட்டு மாசம் முன்னாலதான் கோடு சார் வந்தாரு. அவரு பேரு வேற என்னமோ, நாங்க வச்ச பேரு அது. ஹெட் ஆபீஸ்ல இருந்து அனுப்பினவருதான், உங்க ஆளுதான். எதை எங்க வச்சா வேலை சீக்கிரம் முடியும்னு கண்டுபிடிக்கப் படிச்சவராம். அதுக்குன்னு ஒரு படிப்பு இருக்குன்னே எனக்கு அப்பதான் தெரியும். ஒரு பெரிய தாள், அதுல இந்த குடோனை மேல இருந்து பாத்தா எப்படி இருக்குமோ அப்படியே வரைஞ்சு வச்சிருந்தாரு. நம்மகிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டாரு. மூணு நாள், நாம எங்க போனாலும் பின்னாலயே வந்து, நாம போற வழியைத் தாள்ல கோடாப் போடுவாரு. டீ குடிக்கப் போனா கோடு. பேனாவைத் தேடினா கோடு. பாத்ரூம் போனா வாசல் வரைக்கும் கோடு, அப்புறம் வெளிய நின்னுக்கிட்டு இருப்பாரு. கையுறை ரேக்ல இருக்குற பொண்ணு ஒருத்தி ரெண்டாவது நாள் பாத்ரூமே போகல.

மூணு நாள் முடிஞ்சு போனாரு. அடுத்த வாரமே ஆளுங்க வந்தாங்க, ரேக்கைக் கழட்டினாங்க, ரேக்கை மாட்டினாங்க, தரையில மஞ்சப் பெயிண்ட் அடிச்சாங்க, அம்புக்குறி போட்டாங்க. முடிஞ்சுது. அன்னைக்குப் பிடிச்சது எனக்கு இந்த ஊர்வலம்.

மேனேஜர்கிட்ட சொல்லலையான்னு கேக்குறீங்களா? அவருக்குப் பேரே பாத்துக்கலாம். கூரை ஒழுகுதுன்னா பாத்துக்கலாம், டிராலி சக்கரம் இழுக்குதுன்னா பாத்துக்கலாம். போன மாசம் அவருக்கே நெஞ்சு வலி வந்துச்சு, அதுக்கும் பாத்துக்கலாம்னுட்டாரு, நாங்கதான் ஆட்டோ பிடிச்சு அனுப்பினோம்.

மஞ்ச வழியில நடந்து பாத்தீங்கல்ல? பின்பக்கச் சுவரோட ஓரமா, கையுறை ரேக்கைச் சுத்தி, பாத்ரூம் வாசல் வழியா, வாட்ச்மேன் ரூமைத் தொட்டுக்கிட்டு, அப்புறம் திரும்பி லேபிள் மேசைக்கு. பாத்ரூம் கதவு வெளிப்பக்கமாத் திறக்குற கதவு. டிராலி அந்தப் பக்கம் வரும்போது யாராவது படக்குனு திறந்தாங்கன்னா அவ்வளவுதான். ரெண்டு தடவை மோதிடுச்சு. அதுக்கு ஒரு ஏற்பாடு பண்ணினாரு பாருங்க மேனேஜர்... உள்ள ஒரு மணி கட்டிட்டாரு. வெளிய வர்றவங்க மணி அடிச்சுட்டுத்தான் வரணும். நீங்க போனப்ப அடிச்சீங்களா? கேட்டுச்சு. எல்லாருக்கும் கேக்கும். இங்க யாரு எத்தனை தடவை போறாங்கன்னு இப்ப முப்பத்திமூணு பேருக்கும் தெரியும்.

ஆறு பேர் இங்க பெட்டி கட்டுறாங்க. கட்டினதை டிராலியில ஏத்தி லேபிள் மேசைக்குக் கொண்டு போறது நான் ஒருத்திதான். அங்க எண்ணிப் பாத்து, லேபிள் ஒட்டி, லாரிக்கு அனுப்பணும். எண்ணிக்கை தப்புன்னா அங்க இருக்குறவங்க திருப்பிக் கொண்டு வந்து இங்க வைப்பாங்க. ஒரு நாளைக்கு நாப்பது நடை. நாப்பதை இருநூத்தி எண்பத்திநாலால பெருக்குங்க, நீங்க படிச்சவங்க. நான் பெருக்க மாட்டேன், பெருக்கினா நாளைக்கு வர மாட்டேன்.

என்ன கேட்டீங்க... லேபிள் மேசை எங்க இருக்குன்னா? இதோ. இந்த சலைன் ரேக்குக்கு அந்தப் பக்கம். ஆமா, இதுக்கு நேர் பின்னால. பன்னெண்டு அடி.

ஆமா, மேடம். பன்னெண்டுதான். உங்களுக்குச் சரியாத்தான் கேட்டுச்சு.

முன்னால இந்த ரேக் இங்க இல்ல. இது நடு வழி. இந்த மேசைக்கும் அந்த மேசைக்கும் நடுவுல வெட்ட வெளி. டிராலியை ஒரு தள்ளு தள்ளினா தானாப் போய் அங்க நிக்கும். கோடு சார்தான் நடுவழியை அடைச்சு சலைன் ரேக்கைக் கொண்டு வந்து நட்டுட்டாரு. பூமியில ஆணி அடிச்சு. ஏன் அடைச்சாரு, எதுக்கு அடைச்சாருன்னா... படிச்சவங்க. ஏதோ நினைச்சு அடைச்சிருப்பாரு. விடுங்க. டீ குடிக்கிறீங்களா? டீ மிஷினும் மஞ்ச வழியிலதான் இருக்கு, போயிட்டு வர ஒரு பத்து நிமிஷம்...

வேண்டாமா. சரி.

அது என்ன தாள்? அட, அதே தாளா! பத்திரமா வச்சிருக்காங்களே. விரிங்க, விரிங்க. யம்மா... நூல்கண்டைப் பூனை இழுத்துப் போட்ட மாதிரில்ல இருக்கு. இது எங்க மேசை, இது வாசல். இந்தச் சின்னச் சின்னக் கோடெல்லாம் ஆளுங்க. இந்தத் தடியா சிவப்பா சுவரோரமாச் சுத்திக்கிட்டுப் போகுதே, இது யாரு, இவ்வளவு கிறுக்குத்தனமா...

ம்.

அது நான்தான்.

இந்த நீலக் கோடா? முன்பக்கச் சுவரோரமா, மேனேஜர் ரூம் வழியா, லாரி வாசலைச் சுத்திக்கிட்டு எங்க மேசைக்குப் பின்னால வந்து நிக்குதே... அது லேபிள் மேசையில இருக்குறவங்க. நடுவுல என்ன எழுதியிருக்கு? கண்ணாடி எடுத்துட்டு வரல, படிங்க. "நடுவழி, மூன்று நாளிலும் நடமாட்டம் இல்லை. இடம் வீணாகிறது." அப்படியா எழுதியிருக்காரு? சரியாத்தான் எழுதியிருக்காரு. பாவம் அந்த ஆளு. கண்ணால பாத்ததைத்தானே எழுதுவாரு.

கொஞ்சம் கிட்ட வாங்க. சத்தமாச் சொல்ல முடியாது. இந்த ரேக்ல சந்து இருக்கு பாருங்க, மூணாவது தட்டுல, பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவுல. அதுல ஒரு கண்ணு தெரியும். எட்டு மாசமா அந்தக் கண்ணைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். மூக்குக் கண்ணாடியில பாதி, அப்புறம் காது கொஞ்சம்.

அவங்க என் நாத்தனார். என் வீட்டுக்காரரோட அக்கா. அண்ணின்னுதான் கூப்பிடுவேன்... கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். இந்த வேலையை எனக்கு வாங்கிக் குடுத்ததே அவங்கதான், அதையும் சொல்லணும்ல.

போன வருஷம் என் வீட்டுக்காரருக்குப் பித்தப்பையில கல்லு. பஸ் டிப்போல மெக்கானிக் அவரு, வண்டிக்குள்ள இருக்குற கோளாறெல்லாம் தெரியும், தனக்குள்ள இருந்தது தெரியல. ஆபரேஷன் பண்ணி ஆறு நாள் ஆஸ்பத்திரி. நான் அங்கயே கிடந்தேன். பொண்ணுக்கு சமைச்சுப் போட அண்ணி எங்க வீட்டுல வந்து தங்கினாங்க. நல்ல மனசுதான், இல்லன்னு சொல்லல. ஏழாவது நாள் வீட்டுக்கு வர்றேன்... சமையக்கட்டுல எதுவும் இருந்த இடத்துல இல்ல. அந்த வீட்டுக்குக் குடி வந்து பதினெட்டு வருஷமா கண்ணை மூடிக்கிட்டுக் கை போகும் எனக்கு. உப்பு ஜன்னலுக்கு மேல் தட்டுல, பருப்பு அதுக்குப் பக்கத்துல, கத்தி டிராயர்ல. இப்ப உப்பு அடுப்புக்குப் பக்கத்துல, இடுப்பு உயரத்துல. பருப்பு கீழ. கத்தி ஒரு ஆணியில தொங்குது. ஆணி! என் சுவத்துல! தட்டெல்லாம் தண்ணித் தொட்டிக்குக் கீழ, கழுவினா அப்படியே வைக்கலாமாம்.

அன்னைக்கு அவருக்கு ஒரு கிண்ணம் சூப் வச்சேன். பழைய ஞாபகத்துல மேல் தட்டுல கையை விட்டு உப்புன்னு எடுத்துப் போட்டது சர்க்கரை. அவரு ஒண்ணுமே சொல்லாம குடிச்சாரு. இன்னொரு கிண்ணம் வேணும்னு வேற கேட்டாரு. நான் ருசி பாத்தப்புறம்தான் தெரிஞ்சுது. வந்துச்சு பாருங்க கோவம்! "என் வீட்டுல கை வைக்க உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தது? அடுக்கணும்னு ஆசையா இருந்தா உங்க வீட்டுல போய் அடுக்குங்க"ன்னு கேட்டுட்டேன். அவங்க பையை எடுத்துக்கிட்டாங்க. வாசல்ல நின்னு, "உனக்கு முட்டி வலியாச்சே, எக்கி எக்கி எடுக்குறியேன்னுதான் கைக்கிட்ட வச்சேன். இனிமே உன் பக்கம் திரும்பல"ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

அது போதாதா. மறுநாள் வேலைக்கு வந்தா நேர் எதிர்ல மேசை. பன்னெண்டு அடி. எப்படிப் போறது? மூஞ்சியைப் பாத்தா ஏதாவது சொல்லணும். சொன்னா இறங்கிப் போன மாதிரி ஆகும். அதனால டிராலியைத் திருப்பினேன், பின்பக்கமா சுத்திப் போயி, அவங்க முதுகுக்குப் பின்னால பெட்டியை வச்சுட்டு வந்துட்டேன். அவங்க லேசுப்பட்டவங்களா? தப்பான பெட்டியைத் தூக்கிக்கிட்டு முன்பக்கமா சுத்தி வந்து என் முதுகுக்குப் பின்னால வச்சுட்டுப் போனாங்க. ஆனா ரெண்டு பேருக்கும் வீம்பு, லாரி லேட்டாகக் கூடாதுன்னு. ஓடுவோம். ஓடியே மூணு மணிக்கு அனுப்பினோம், அஞ்சாறு மாசம். அப்ப நான் ஒருத்தி சுத்தினேன், வழியில வேற யாரும் இல்ல, ஓட முடிஞ்சுது. இப்ப எல்லா டிராலியும் அந்த வழியிலதான். நான் போனதாலதான் அதை மெயின் ரோடு ஆக்கிட்டாரு கோடு சார். முப்பத்திமூணு பேரும் என் சண்டையைச் சுத்தி நடக்குறாங்க, மேடம்.

கேட்டாரு. கோடு சார் கேக்கலன்னு சொன்னா பாவம். ரெண்டாவது நாள் பின்னாலயே மூச்சு வாங்க வந்து, "எப்பவும் இந்த வழியாத்தான் போவீங்களாம்மா? நடுவுல வழி இருக்கே"ன்னு கேட்டாரு. மூணு நாள்ல என்கிட்ட அவரு வாயைத் திறந்தது அந்த ஒரு தடவைதான். என்ன சொல்றது? முன்னப் பின்ன தெரியாத ஆளுகிட்ட, எங்க வீட்டுல உப்பு டப்பாவை இடம் மாத்திட்டாங்க சார்னா சொல்ல முடியும்? "இதுதான் சார் சுலபம்"னு சொல்லிட்டேன். எழுதிக்கிட்டாரு. அப்புறம் அந்தப் பக்கம் போயி அண்ணிகிட்டயும் கேட்டிருக்காரு. அவங்களும் "இதுதாங்க வசதி"ன்னு சொல்லியிருக்காங்க. வாட்ச்மேன் சொன்னாரு. பதினாலு மாசத்துல நாங்க ரெண்டு பேரும் ஒத்துப்போன விஷயம் அது ஒண்ணுதான்.

சிரிக்காதீங்க. இல்ல, சிரிங்க, பரவாயில்ல. ஆனா அதை எழுதிராதீங்க. எழுதலன்னாலும் கஷ்டம்தான், இல்ல? ஏன் லேட்டுன்னு கேப்பாங்க. கட்டடம் சரியில்ல, ஆளு சரியில்லன்னு எழுதினா மூடிருவாங்க. கட்டடத்துல ஒரு குறையும் இல்ல. ஆளும் நல்ல ஆளுங்கதான். இந்த ஒரு ரேக்தான். நாலு ஆணியைக் கழட்டினா போச்சு. அதை அப்பவே சொல்லியிருக்கலாம்தான்... சொன்னா ஏன் சுத்தினேன்னு கேப்பாங்களே. எட்டு மாசம் அதை நினைச்சுக்கிட்டே சுத்தினேன்.

சமையக்கட்டா? சமையக்கட்டை என்ன பண்ணினேன்னு எதுக்கு இப்ப?

...அப்படியேதான் இருக்கு. ஒரு வாரம் எல்லாத்தையும் பழைய இடத்துக்கே மாத்தி வச்சேன். அப்புறம் ஒரு நாள் எக்கும்போது முட்டி பிடிச்சுக்கிச்சு. உப்பை மட்டும் கீழ எடுத்து வச்சேன். அப்புறம் பருப்பை. ஆணியைப் பிடுங்கவே இல்ல. நல்ல ஆணி. எல்லாம் கைக்கிட்ட இருக்கு, நின்ன இடத்துலயே சமையல் முடியுது. வீட்டுல நாலு அடி மிச்சம், இங்க வந்து நூத்தி நாப்பத்திரெண்டு நடக்குறேன். அவங்க மட்டும் என்ன, அறுபதைத் தொடப் போறாங்க, தப்பான பெட்டி ஒண்ணு வந்தா அவங்களும் இவ்வளவு தூரம் தூக்கிக்கிட்டு வரணும். போன வாரம் வாட்ச்மேன் ரூம்கிட்ட நின்னு மூச்சு வாங்கினாங்க. பாத்தேன். டிராலியைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டேன்.

மணி என்ன? ரெண்டு இருபதா! ஐயோ, உங்ககிட்டப் பேசிக்கிட்டே... இருபத்தாறு பெட்டி கிடக்கு. டிராலியில ஆறுதான் கொள்ளும், அஞ்சு நடை. மூணுக்கு முடியவே முடியாது. அதுவும் நீங்க வந்திருக்குற நாளாப் பாத்து...

என்ன சத்தம்? இருமினாங்களா? அந்தப் பக்கம். அது இருமல் இல்ல, மேடம், எனக்குத் தெரியும். கேட்டுக்கிட்டு இருக்கேன்னு சொல்றாங்க. எதுல இருந்து கேட்டாங்களோ... மூச்சு வாங்கினதைச் சொன்னது கேட்டிருக்குமா?

அண்ணி.

அண்ணி, நான்தான். உப்பு டப்பா நீங்க வச்ச இடத்துலயேதான் இருக்கு.

...தெரியுமாம். அவங்க தம்பி, அதான் என் வீட்டுக்காரரு, அடுத்த மாசமே போய்ச் சொல்லிட்டாராம். பாருங்க மேடம், அந்த மனுஷன் ஒரு வருஷமா ரெண்டு பக்கமும் சாப்பிட்டுட்டு வாயே திறக்கல. சர்க்கரை சூப்பைக் குடிச்ச மாதிரியே.

அண்ணி, அந்த மூணாவது தட்டுல நடுவுல இருக்குற ரெண்டு சலைன் பெட்டியை உங்க பக்கம் இழுங்க. தனியாத் தூக்காதீங்க, அந்தக் கையுறைப் பொண்ணைக் கூப்பிடுங்க. நான் இங்க இருந்து தள்ளுறேன். ஆங்... இன்னும் கொஞ்சம். வந்துருச்சு. ஓட்டை போதும், பெட்டி நுழையும். இந்தாங்க, ஒண்ணு. பிடிச்சுட்டீங்களா? ரெண்டு. மேடம், எழுதிக்கோங்க, எத்தனை அடின்னு... ஒரு அடி கூட இல்ல, கை நீட்டினா போதும்... மேடம்?

இந்தப் பெட்டி மேலதானே உக்காந்திருந்தாங்க. அண்ணி, அந்தப் பக்கம் வந்தாங்களா? சக்கரத்தை உருட்டிக்கிட்டு ஒரு பொண்ணு? லாரி வாசல்ல டிரைவர்கிட்ட நிக்கிறாங்களா? தாளையும் எடுத்துட்டே போயிட்டாங்க. கையில பேனா இருக்கா? மூடியிருக்கா, திறந்திருக்கா? சரி விடுங்க, அவங்க எழுதுறதை எழுதட்டும், நாம மூணு மணியைப் பாப்போம். நாலு. அஞ்சு. நர்ஸம்மாவுக்குப் போறது இது, முதல்ல லேபிள் ஒட்டுங்க. ஏன், நான் வரிசையாத்தானே தர்றேன்? அதை எதுக்கு அங்க கொண்டு போய் வைக்கிறீங்க? கட்டுத்துணி எப்பவும் இடது பக்கம்தானே வைப்போம், இடது பக்கம்...

சரி. வைங்க. அங்கயே இருக்கட்டும்.